மாமனாரின் போனுக்குள் என்ன இருந்தது

கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை யாருக்கும் அது சட்டென்று ஞாபகத்துக்கு வராது. நாள் முழுக்க மேசையில் பொருத்திய வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால், எதிரே நின்று பார்க்கிறவர்களுக்கு அவள் முகத்தில் ஒரு கண் மட்டும் தோசைக்கல் அகலத்துக்குத் தெரியும். அதிலிருந்து வந்த பெயர்.

அந்தக் கடையில் பழைய போன்களை வாங்குவார்கள், சரிபார்ப்பார்கள், துடைத்து மறுபடியும் விற்பார்கள். ஒவ்வொரு போனையும் திறந்து, உள்ளே இருப்பதில் எது அதனுடன் பிறந்தது, எது பிற்பாடு யாரோ செருகியது என்று சொல்வதுதான் அவள் வேலை. சூட்டுப் பலகையில் போனைக் கவிழ்த்து வைத்தால் பின்பக்கத்துப் பசை இளகும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் நுழைத்துச் சுற்றிக்கொண்டே வந்தால் முதுகு கழன்று கையோடு வரும். முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிரிக்க வேண்டும். பிறகு திருகாணிகள், அவற்றின் மேல் மூடியிருக்கும் தகடு, அதன் அடியில் மின்சுற்றுப் பலகை. பலகையில் பிராசஸர், நினைவகம், மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் சில்லு. மேலே கேமராக்கள், காதருகே ஒலிக்கிற குட்டி ஸ்பீக்கர். கீழே சார்ஜ் செருகும் வாய், மைக், பெரிய ஸ்பீக்கர், அதிர்வு மோட்டார். எல்லாவற்றையும் பார்த்துக் கணினியில் ஏற்றிவிட்டு மூடி ஒட்டினால், அடுத்த போன் சூடாகித் தயாராக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு போனும் அவளுக்கு ஒரு புது வீடு மாதிரி இருந்தது. கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிற ஆசை. இப்போது எல்லாம் ஒரே வீடு. கழுத்தின் பின்பக்கம் சாயங்காலமானால் மரக்கட்டை. பஸ்ஸில் ஏறினால் கண்ணைத் திறந்து வெளியே பார்க்கவும் பிடிப்பதில்லை.

வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும்தான். கணவன் வெகுதூரத்தில் ஒரு மின்நிலையத்தில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள்.

மாமனார் ஆயுசு முழுக்க ஒரு அச்சகத்தின் இயந்திர அறையில் நின்றவர். அந்த இரைச்சல் சம்பளத்தோடு சேர்த்து அவருடைய காதையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. போனில் மணி அடித்தால் அவருக்குக் கேட்காது. அதனால் மணியை அணைத்துவிட்டு, அதிரும்படி வைத்து, சட்டையின் இடதுபக்கப் பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் மகன் கூப்பிடுகிற நேரத்துக்குச் சட்டையைக் கழற்றவே மாட்டார். புழுக்கத்தில் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தாலும் மேல்பொத்தான்வரை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வீடியோ அழைப்பில் மகன் முகம் வந்ததும் போனைக் காதோடு அழுத்திக்கொள்வார். மகன் அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பா, உங்க காது மட்டும்தான் தெரியுது" என்பான்.

அந்தப் போனின் பேட்டரி தளர்ந்து போனபோது அவள்தான் அதைக் கடைக்கு எடுத்துப் போனாள். அன்றைக்கு அவள் மேசையில் தலைக்கு மேல் வேலை. எங்கேயோ மொத்தமாக வாங்கிய போன்கள் கூடை கூடையாக வந்து இறங்கியிருந்தன. பக்கத்து மேசையில் பழுது பார்க்கிற சுருட்டையிடம் மாமனாரின் போனைக் கொடுத்து, "பேட்டரி மட்டும் மாத்திக் குடுப்பா" என்றாள். வேலை தெரிந்தவன், தலைமுடியைப் போலவே பேச்சும் சுருள் சுருளாகப் போகும். சாயங்காலம் போன் கைக்கு வந்தது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

இரண்டொரு நாளில் மாமனார் ஆரம்பித்தார்.

"இது என் போன் இல்லம்மா."

அவள் வாங்கிப் பார்த்தாள். எண் அதே எண். படங்கள் அவர் எடுத்த படங்கள்தான், பாதிக்கு மேல் அவருடைய கட்டைவிரலோடு. மூலையில் குளியலறைத் தரையில் விழுந்த வடு.

"உங்களோடதுதான் மாமா. இந்தக் கீறலைப் பாருங்க."

"வெளியில என்னோடதுதான். உள்ள இருக்கறது என்னோடது இல்ல."

"பேட்டரி புதுசு. அதான் அப்படித் தோணுது."

"முன்னெல்லாம் நெஞ்சுல யாரோ விரலால தட்டுற மாதிரி இருக்கும். இப்ப சட்டைக்குள்ள கொசு பூந்த மாதிரி இருக்கு. அதுவும் சில நேரம்தான்."

அவள் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். சரி மாமா, பார்க்கலாம் என்றாள். அதோடு மறந்தும் போனாள்.

ஆனால் மகன் கூப்பிட்டபோதெல்லாம் மாமனார் எடுக்காமல் விடுவது அதிகமானது. போன் பையில்தான் இருக்கும், அவர் நாற்காலியில்தான் இருப்பார். அவளைக் கூப்பிட்டு, "அப்பா ஏன் எடுக்கல?" என்று கணவன் கேட்பான். அவரிடம் கேட்டால், "கூப்பிடவே இல்லையே" என்பார். திரையில் தவறிய அழைப்புகளைக் காட்டினால், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதைத்தான் சொல்றேன், இது என்னோடது இல்லன்னு" என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்பார்.

இடையில் ஒருநாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்தது. குளித்துக்கொண்டிருந்த அவள் உள்ளிருந்தே, "மாமா, அடுப்பை அணைச்சிடுங்க" என்று குரல் கொடுத்திருந்தாள். அவரும் "சரிம்மா" என்றிருந்தார். வெளியே வந்து பார்த்தால் வீடு முழுக்கப் புகை, அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி மாடிப்படியில் இறங்கி ஓடிற்று.

இதையெல்லாம் அவள் கணவனிடம் சொன்னது புகாராக இல்லை. ஒருநாள் பட்ட அலுப்பை யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அவன் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கோத்து ஒரு மாலையாகக் கட்டிவிட்டான்.

"என் கூட வேலை செய்யறவரோட அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். வீட்டுல இருக்கற சாமானைப் பார்த்து இது என்னோடது இல்ல, யாரோ மாத்திட்டாங்கன்னு சொல்வாராம். கடைசியில பெத்த மகனையே யாருன்னு கேட்டாராம். நீ உடனே ஒரு டாக்டர்கிட்ட காட்டு."

"வயசானா மறதி இருக்கத்தாங்க செய்யும்."

"இது மறதி இல்ல. போன் உள்ள வேற என்னமோ இருக்குன்னு சொல்ற ஆளை என்னன்னு சொல்றது?"

மூளை நரம்பு மருத்துவரிடம் நாள் வாங்கினாள். அன்றிலிருந்து வெளியே போகும்போது காஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் போனாள். வாசல் சாவியை அவரிடம் கொடுக்காமல் எதிர்வீட்டில் கொடுத்தாள். அவர் அதைப் பார்த்தார். செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

போனை மட்டும் அவர் விடவில்லை. "நீ திறக்கற ஆளாச்சேம்மா. ஒரு தடவை திறந்து பாரேன்."

"ஞாயித்துக்கிழமை பார்க்கலாம் மாமா."

ஞாயிறு வரும். துணி, வீடு, கறிகாய், ஒரு குட்டித் தூக்கம். பகலெல்லாம் அடுப்பில் நிற்கிற சமையல்காரனுக்கு வீட்டில் கரண்டியைத் தொடப் பிடிக்காது என்பார்கள் அல்லவா, அவளுக்கும் அந்தக் கதைதான். அடுத்த வாரம் மாமா, என்பாள்.

ஒருநாள் காலை பின்கட்டில் துணி உலர்த்திவிட்டு வருகையில் அவர் அறையிலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. கேட்காதவர்கள் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு உரக்கத்தான் பேசுவார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தார். அச்சகத்தில் கூட வேலை செய்தவர்கள், தம்பிகள், தம்பி மனைவிகள், அவர்கள் பிள்ளைகள். ஒரு பெயரில் தடுக்கி நின்றார். நெற்றியை உள்ளங்கையால் தேய்த்தார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்க முடியாத பிள்ளை வெளியே நின்று படித்துக்கொள்வதுபோல இருந்தது அது.

அவள் காலி வாளியோடு கதவோரம் நின்றாள். டாக்டரிடம் போவது எதற்கென்று அவரிடம் அவள் சொல்லவே இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

வாளியை வைத்துவிட்டு உள்ளே போனாள். "மாமா, போனைக் குடுங்க."

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தாள். சூட்டுப் பலகை இல்லை, மகள் விட்டுப்போன தலைமுடி உலர்த்தும் மெஷினைப் போட்டுப் பின்பக்கத்தைச் சூடாக்கினாள். கடையிலிருந்து எப்போதும் பையில் வருகிற திருப்புளியும் மடக்குக் கண்ணாடியும் இருந்தன. அவர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் உறவினரைப் பார்க்க வந்தவர்போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

முதுகு கழன்றது. பேட்டரி இணைப்பைப் பிரித்தாள். தகட்டை எடுத்தாள்.

"இது என்ன?" என்றார்.

"கேமரா."

"இவ்வளவுதானா? இந்தப் பொட்டுக்குத்தான் எல்லாரும் பல்லைக் காட்டிட்டு நிக்கறாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கேட்கும்படி உரக்க, ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது பிராசஸர், இதுதான் யோசிக்கிறது. அதன் மேலே ஏறி உட்கார்ந்திருப்பது நினைவகம். இது நினைவு வைத்துக்கொள்கிறது என்று சொன்னபோது அவர் அந்தச் சின்னக் கறுப்புச் சதுரத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. புதுப் பேட்டரியும் நல்ல பேட்டரிதான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டி வரும். சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டே அடிப்பாகத்தின் மூடியை எடுத்தாள்.

ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அதிர்வு மோட்டார் இருக்கும் குழி. இந்த ரகத்துப் போனில் அங்கே நீள்சதுரமாக, தீப்பெட்டியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கிய மாதிரி ஒரு பெட்டி இருக்கும். இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். இந்த மாதிரிப் போன்களை அவள் திறந்ததற்குக் கணக்கே இல்லை, அந்தப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்வாள். இப்போது அந்தக் குழியில் பெட்டி இல்லை. சட்டைப் பொத்தான் அளவுக்கு உருண்டையாக ஒன்று, மலிவு போனிலிருந்து பிடுங்கியது, இரட்டைப் பக்க ஒட்டுத்தாளில் ஒட்டியிருந்தது. இரண்டு மயிரிழைக் கம்பிகளை இழுத்து ஈயம் வைத்திருந்தது. ஒட்டும் ஒரு பக்கம் விட்டுப் போயிருந்தது. அதனால் சில நேரம் கொசுவாக முனகும், சில நேரம் அதுவும் இல்லை.

மடக்குக் கண்ணாடியைக் கீழே வைத்தாள். ஈயம் வைத்திருந்த கையை அவளுக்குத் தெரியும். அந்தக் கையோடுதான் தினமும் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு கணம் எல்லாவற்றையும் பழையபடி மூடிவிடலாம் என்று தோன்றியது உண்மை. ஒன்றும் இல்லை மாமா என்றால் முடிந்தது. சொன்னால் கடையில் சண்டை, முதலாளி முகம், சுருட்டையோடு நாள் முழுக்க மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்காருவது. அதற்கெல்லாம் உடம்பில் தெம்பு வேண்டுமே. நிமிர்ந்து பார்த்தாள். அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் மாமா."

"ஆங்?"

"நீங்க சொன்னது சரி. மோட்டாரை மாத்திட்டாங்க. அதிர்றதுக்கு ஒண்ணு இருக்கும், அது உங்களோடது இல்ல. வேற எதையோ வெச்சு ஒட்டியிருக்காங்க."

அவர் குனிந்து அந்த உருண்டையைப் பார்த்தார். விரலால் தொடப் போய், வேண்டாமென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் மெதுவாக. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "நான் பயந்துட்டேம்மா. நீங்க ரெண்டு பேரும் சொல்லச் சொல்ல, சரி, புத்தி கழண்டுதான் போச்சுன்னு நானே நெனச்சுக்கிட்டேன்."

அவளால் உரக்கப் பேச முடியவில்லை. மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. அதனால் எழுந்துபோய் வாசல் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் அவர் பக்கம் வைத்தாள்.

சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "அப்ப அவரு எடுக்காம விட்டதெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "டாக்டரை எப்படியும் பார்த்துடலாம். நாள் வாங்கிட்டல்ல." போனை அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, நாளைக்குப் பேசுகிறேன் என்றான்.

மறுநாள் கடையில் சுருட்டை அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துகொண்டான். முதலில் சப்பைக்கட்டு கட்டினான். அந்த மோட்டார் முன்பே போயிருந்ததோ என்னவோ என்றான். அவள் போனைத் திறந்து அவன் மேசையில் வைத்தாள். பிறகு தானாகவே அவிழ்ந்தான்.

"அதே ரகத்துல ஒரு போன் அன்னைக்கே குடுக்க வேண்டியது இருந்துச்சுக்கா. வாங்கினவர் வாசல்ல நிக்கறாரு, மோட்டார் செத்துக் கெடக்கு. முதலாளிதான், இருக்கறதுலேர்ந்து எடுத்துப் போடுன்னாரு. உங்க வீட்டுப் போன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." தலையைச் சொறிந்தான். "பெரியவருதானே, தெரியவா போகுதுன்னு நெனச்சேன்."

"அவருக்குத்தான்பா தெரிஞ்சுது."

முதலாளி கெட்டவர் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் விசாரிக்கிறவர் அவர்தான். ஆனால் அவர் சிரித்துவிட்டார். "ஒரு மோட்டார்தானேம்மா. அதிர்றதுல என்ன அசல், போலி? இத்தனை வருஷத்துல யாராவது வந்து கேட்டிருக்காங்களா?"

"கேட்டாரே. கேட்டவரைத்தான் பைத்தியம்னு சொல்லிட்டோம். வீட்டுச் சாவியைக்கூட அவர்கிட்ட குடுக்கறத நிறுத்திட்டேன் நான்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்துகிற தெம்பும் இல்லை. அவள் அப்படி அலுத்துப்போய்ச் சொன்னதில்தான் முதலாளியின் சிரிப்பு நின்றதுபோல இருந்தது. செத்த போன்களைப் போட்டு வைக்கிற பெட்டிகளில் தேடி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் உணவு இடைவேளைகளில் ஒவ்வொரு பெட்டியாகக் கிளறினாள். தண்ணீரில் ஊறிப் பலகை பச்சை பூத்த ஒரு போனில் அந்த நீள்சதுரப் பெட்டி பழுதில்லாமல் கிடைத்தது. சுருட்டை, நான் போட்டுத் தருகிறேன் அக்கா என்று கையை நீட்டினான். வேண்டாம்பா, நானே போட்டுக்கறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் அவன் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றுதான் இறங்கியது.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தாள். யாருடைய போனைத் திறந்தாலும் திறந்ததும் உள்ளே ஒரு படம், மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் போனைக் கொண்டுவந்தவருக்கே அனுப்பினாள். முதலாளி முதலில் முணுமுணுத்தார். வாடிக்கையாளர்கள் அதைப் பெரிதாகச் சொல்ல ஆரம்பித்ததும், பழுதுக்கு வருகிற போன்களைக்கூட அவளே திறக்கட்டும் என்று சொல்லிவிட்டார். நல்லது செய்யப் போய் வேலை இரண்டு மடங்கானது. கழுத்து முன்னைவிட இறுகியது. சரி, இதுவும் என் தலையில்தானா என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் போன நாளில் மாமனார் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மருத்துவர் இளம்பெண். கேள்விகளை மெல்லிய குரலில் கேட்டார். மாமனார் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். மருத்துவர் அவளைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அதே கேள்விகளை உரக்க, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். இப்போது பதில்கள் சரியாக வந்தன. ஒரு பெயரில் மட்டும் தடுக்கினார்.

"ஒண்ணு ரெண்டு பேர் மறக்கறது எனக்கே இருக்கு" என்றார் மருத்துவர். "இவருக்குக் காதுதான் ரொம்ப மோசமா போயிருக்கு. வீட்டுல சொல்றதுல பாதி இவருக்குப் போய்ச் சேரல. கேட்காததை எப்படி ஞாபகம் வெச்சுக்குவாரு? முதல்ல ஒரு காது மெஷின் போடுங்க."

பால் பொங்கிய காலை அவளுக்கு ஞாபகம் வந்தது. சரிம்மா என்று அவர் சொன்னது எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஏதோ குரல் வந்தது, மருமகளின் குரல், அதற்கு ஒரு சரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் அவள். மதிய வெயில் முகத்தில் விழுந்தது, காற்று சூடாக வந்தது. மருந்துக்கடை, மெஷின் கடை, லீவு கேட்டதற்கு முதலாளி இழுத்த இழுவை என்று எண்ணம் எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டது.

விழித்தபோது தலை மாமனாரின் தோளில் இருந்தது. பஸ் நின்றிருந்தது. வெளியே பார்த்தால் பழக்கமில்லாத இடம், வரிசையாகக் காலி பஸ்கள், கழுவிவிட்ட தரை. அவர்களுடைய நிறுத்தம் எப்போதோ போயிருக்க வேண்டும். கடைசி நிறுத்தம்வரை வந்துவிட்டார்கள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாரா? டாக்டர் சொன்னதெல்லாம் வீணா?

"மாமா, நம்ம ஸ்டாப் தாண்டிடுச்சே."

அவள் வாய் அசைவைப் பார்த்து அவர் புரிந்துகொண்டார்.

"தெரியும்மா. பெட்ரோல் பங்க் வந்துது, பள்ளிக்கூடம் வந்துது, நம்ம தெருமுனை வந்துது. எல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்." கண்டக்டர் எழுதிக் கொடுத்த புதிய இரண்டு டிக்கெட்டுகளை விரல்களுக்கிடையிலிருந்து எடுத்துக் காட்டினார். "நீ அசந்து தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல. இதே வண்டி திரும்பிப் போகுமாம், கேட்டுட்டேன்."

டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பஸ்ஸில் அவர்கள் இருவர் மட்டும். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றார் அவர். "தூங்கு."

அவள் மறுபடியும் சாய்ந்துகொண்டாள்.